அபராதச் சீட்டும் ஓட்டுநர் உரிமமும்

ஒசூரிலிருந்து பெங்களூருக்குள் நுழையும் பெருஞ்சாலை அத்திப்பள்ளி, பொம்மனஹள்ளி, மடிவாளா ஆகிய இடங்களைக் கடந்து அடுகோடியை வந்தடைகிறது. 1951-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மைக்கோ நிறுவனம், மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக்குகளையும் எரிபொருள் செலுத்தும் கருவிகளையும் இந்த அடுகோடியிலேதான் செய்து நாடெங்கும் அனுப்பியது. மோட்டாருக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலர் இப்பகுதியில் குடியிருக்கின்றனர். ஆட்டோ ரிக்‌ஷாவும் வாடகைக் காரும் சரக்கு வண்டியும் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர் அவர்களில் உண்டு. வீடு வீடாகப் பொருள் கொண்டு கொடுக்கும் இளைஞரும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் கைக்கு ஏர் எப்படியோ அப்படி ஓட்டுநர் உரிமம். அது மூன்று மாதம் கையை விட்டுப் போயிற்றென்றால், மூன்று மாத அடுப்பெரிவது ஐயத்துக்கு இடமாகிவிடும்.

ஆதலின், அபராதச் சீட்டு ஒன்று வந்தால் என்ன செய்வது, தவறான சீட்டை எவ்வாறு மறுப்பது, உரிமத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்பவற்றை நாம் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். சட்டத்தை ஏமாற்றும் வழிகள் இங்கே கூறப்படமாட்டா. சட்டமே நமக்கு அளித்திருக்கும் பாதுகாப்புகளை அறியாமையால் இழந்துவிடாதிருக்க வேண்டும் என்பதே நமது நோக்கம்.

நம் நாட்டில் மோட்டார் வண்டிகளுக்கென்று முதன் முதலாக 1914-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின்னர் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பது இந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமே. 2019-இல் அது பெரிதும் திருத்தப்பட்டது. புதிய தண்டனைகளிற் பெரும்பாலானவை அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தன. தலைக்கவசமின்றிச் செல்வதற்குச் சட்டம் ரூ. 1,000 என வகுத்தது. உரிமமின்றி ஓட்டுவதற்கு ரூ. 5,000 என்றது. இத்தொகைகள் மிகை என்று பல மாநிலங்களில் குரல் எழுந்தது. நீதிமன்றத்துக்குப் போகாமல் செலுத்தித் தீர்க்கும் தொகையைக் குறிப்பிடும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டாதலால், கருநாடக அரசு அம்மாதத்திலேயே பல இனங்களில் தொகையைக் குறைத்து அறிவித்தது. தலைக்கவசத்துக்கும் இருக்கைப் பட்டிக்கும் ரூ. 500 என்று ஆயிற்று. தமிழ்நாட்டில் ஒரு தொகை, கருநாடகத்தில் வேறொரு தொகை என்று நாம் காண்பதற்குக் காரணம் இதுவே.

முன்னாளில் அபராதச் சீட்டு என்பது சாலையோரத்தில் நிற்கும் போலீஸார் கையால் எழுதிக் கொடுப்பது. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2022 டிசம்பரில் பெங்களூரில் 50 சந்திப்புகளில் புதிய காமிராக்கள் பொருத்தப்பட்டன. வண்டி எண்ணைத் தாமே படித்தறியும் காமிராக்கள் 250. சிவப்பு விளக்கை மீறுவோரைக் கண்டறியும் காமிராக்கள் 80. மனிதர் எவரும் நம்மைத் தடுத்து நிறுத்துவதில்லை; சில நாட்கள் கழித்துக் கைபேசியில் ஒரு செய்தி வருகிறது, அல்லது வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. காமிராவுக்குப் பகைமை இல்லை, தயவும் இல்லை. ஆனால் அது பிழையே செய்யாது என்று சொல்வதற்கும் இல்லை.

அடுகோடியில் வாழும் சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். ஒரே வாரத்தில் அவருக்கு மூன்று நோட்டீஸ்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, சந்திப்பு ஒன்றில் சிவப்பு விளக்கை மீறினார் என்பது. இரண்டாவது, அவர் சென்றே இராத ஒரு சாலையில் தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் போனார் என்பது. மூன்றாவது, மூன்றாண்டுகளுக்கு முன் அவர் விற்றுவிட்ட பழைய மோட்டார் சைக்கிளின் பெயரால் வந்தது. மூன்றும் ஒரே வகைக் காகிதம்தான். ஆயினும் மூன்றுக்கும் ஒரே வகை விடை பொருந்தாது.

எந்த நோட்டீஸ் வந்தாலும் முதற்கண் அதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். வண்டி எண், வண்டியின் வகை, நாள், மணி, இடம், குற்றத்தின் தன்மை, சட்டப் பிரிவு ஆகிய ஏழும் அதில் நமது நிலைமைக்குப் பொருந்தி வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காமிரா நோட்டீஸாயின் புகைப்படத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். காமிராக்களைப் பற்றி மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விதி ஒன்றை வெளியிட்டது. இத்தகைய கருவிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அங்கீகாரச் சான்று பெற்றிருத்தல் வேண்டும், காமிரா இருப்பதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் பலகைகள் வைக்கப்படல் வேண்டும், குற்றம் நேர்ந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பப்படல் வேண்டும் என்று அவ்விதி வகுத்தது. கெடுக்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பதில் அளிக்கவோ பணம் செலுத்தவோ நோட்டீஸிலேயே குறித்திருக்கும் இறுதி நாளை உடனே குறித்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

பெங்களூரில் நோட்டீஸ் கன்னடத்தில் இருப்பதைக் கண்டு சிலர் மடித்து வைத்துவிடுகின்றனர். அது பெரும் பிழை. ஒரு சில சொற்களை அறிந்துகொண்டால் போதும். ‘தண்ட’ என்பது அபராதம். ‘ரசீதி’ என்பது ரசீது. ‘சாலனா பரவானகி’ என்பது ஓட்டுநர் உரிமம். ‘திநாங்க’ என்பது தேதி. ‘நியாயாலய’ என்பது நீதிமன்றம். ‘நியாயாலய’ என்ற சொல்லும் ஒரு தேதியும் அருகருகே இருந்தால், அந்தக் காகிதத்தை அன்றைக்கே படித்தறிந்தவர் ஒருவரிடம் காட்டி விளக்கம் கேட்பது நலம். அண்டை வீட்டுக் கன்னடியர் இவ்விஷயத்தில் உதவ மறுக்கமாட்டார்.

இனி, நமது ஓட்டுநரின் முதல் நோட்டீஸைப் பார்ப்போம். படத்தில் இருப்பது அவருடைய வண்டியே. விளக்குச் சிவந்த பின்னரே அவர் கோட்டைக் கடந்தார் என்பதும் தெரிகிறது. இங்கே மறுப்புக்கு இடமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எந்தப் பிரிவு காட்டப்பட்டிருக்கிறது? 177-ஆம் பிரிவு பொதுப்படையான சிறு குற்றங்களுக்கு உரியது. அதில் முதல் முறைக்கு ரூ. 500 வரையிலும், மறுமுறைக்கு ரூ. 1,500 வரையிலும் அபராதமே தண்டனை. 184-ஆம் பிரிவோ அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது. சிவப்பு விளக்கை மீறுதல், கைபேசியைக் கையிற் பிடித்தவாறு ஓட்டுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் முதலியவற்றை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவில் சேர்த்திருக்கிறது. அதன்படி முதல் குற்றத்துக்கே சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. உரிமத்துக்கும் ஆபத்து உண்டு. ஒரே செயல் எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு முற்றிலும் வேறாகிவிடுகிறது என்பதை மறத்தலாகாது.

நமது ஓட்டுநரின் சீட்டில் இருப்பது 177-ஆம் பிரிவு என்று கொள்வோம். அவர் பணத்தைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளலாம். இதற்குச் சட்டத்தில் ‘இணக்கமாகத் தீர்த்தல்’ என்று பொருள். 200-ஆம் பிரிவு இதற்கு வகை செய்கிறது. எல்லாக் குற்றங்களும் இவ்வாறு தீரக்கூடியவை அல்ல. மது அருந்தி ஓட்டுதல் போன்றவை நீதிமன்றத்துக்கே செல்லும். பணம் செலுத்திவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை இல்லை என்பது உண்மை. ஆனால் இதில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. அவ்வாறு தீர்க்கப்பட்ட குற்றமும், மறுமுறை அதே குற்றம் நேரும்போது ‘முன்னர்ச் செய்த குற்றம்’ என்றே கணக்கிடப்படும். பணம் தீர்ந்தது, கணக்குத் தீரவில்லை. ஆதலின், செய்யாத குற்றத்துக்கு ‘போனால் போகிறது, ஐந்நூறு ரூபாய்தானே’ என்று பணம் கட்டுவது, நமக்கு நாமே பழி தேடிக்கொள்வதாக முடியும்.

இனி, இரண்டாம் நோட்டீஸ். படத்தில் இருப்பது இருசக்கர வண்டி. நமது ஓட்டுநரிடம் இருப்பதோ நான்கு சக்கரச் சரக்கு வண்டி. எண்ணில் ஓர் எழுத்தைக் காமிரா மாற்றிப் படித்திருக்கலாம். அல்லது எவரோ ஒருவர் பொய்யான எண் பலகையை மாட்டிக்கொண்டு திரியலாம். இங்கே பணம் கட்டுதல் கூடாது. மறுப்பு எழுத வேண்டும். மறுப்புக் கடிதம் நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. நோட்டீஸின் எண், நாள், இடம் ஆகியவற்றைக் குறித்து, ‘படத்தில் காணும் வண்டி என்னுடையது அன்று, என் வண்டி இன்ன வகையைச் சேர்ந்தது’ என்று தெளிவாக எழுதி, பதிவுச் சான்றின் நகலையும் நமது வண்டியின் புகைப்படத்தையும் இணைத்தல் வேண்டும். அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் இருந்ததற்குச் சுங்கச் சாவடி ரசீதோ, சரக்கு இறக்கிய சீட்டோ இருப்பின் அதையும் சேர்க்கலாம். நோட்டீஸை வெளியிட்ட போக்குவரத்துப் போலீஸ் பிரிவிடம் இதைச் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் இருப்பதே சாட்சியாக நிற்கும்.

பொய் எண் பலகை என்று ஐயம் தோன்றினால், அதைத் தனியே போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகாராகவும் அளிக்க வேண்டும். இன்று அபராதச் சீட்டாக வருவது, நாளை அந்தப் பொய் வண்டி விபத்தொன்றில் சிக்கினால் பெரு வழக்காக வரக்கூடும். 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு எண் பலகை கட்டாயம் ஆக்கப்பட்டதன் நோக்கங்களில் இத்தகைய மோசடியைத் தடுப்பதும் ஒன்று.

மறுப்பு ஏற்கப்படாவிட்டால் என்ன செய்வது? அப்போது நீதிமன்றமே வழி. அபராதத்தைச் செலுத்தித் தீர்ப்பது நமது விருப்பமே அன்றிக் கட்டாயம் அன்று. ‘நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று சொல்லி வழக்கை நீதிபதியின் முன் வைக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. 208-ஆம் பிரிவின்படி, அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள சிறு குற்றங்களில், அழைப்பாணையிலேயே இரண்டு வழிகள் காட்டப்பட வேண்டும். நேரிலோ வக்கீல் மூலமாகவோ வந்து வழக்காடலாம்; அல்லது குறித்த நாளுக்கு முன் பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறித்த தொகையை அனுப்பிவிடலாம். சில குற்றங்களில், ஒப்புக்கொள்ளும் கடிதத்தோடு உரிமத்தையும் அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே அலைச்சலுக்கு அஞ்சி அவசரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர், தொகையோடு உரிமத்தையும் சேர்த்து இழக்க நேரலாம்.

நீதிமன்றத்தின் மொழி நமக்குப் புரியாதே என்று கலங்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அது அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது நமது குற்றவியல் நடைமுறையின் விதி. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றும் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானம் உடையோர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அவ்வாணையத்தின் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. நாம் எந்த மாநிலத்திலிருந்து வந்தவர் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

மூன்றாவது நோட்டீஸே மிகவும் சிக்கலானது. வண்டியை விற்றுப் பணம் வாங்கியாயிற்று, சாவியையும் கொடுத்தாயிற்று. ஆனால் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. வாங்கியவர் செய்யும் ஒவ்வொரு குற்றத்துக்கும் நோட்டீஸ் பழைய உரிமையாளரின் பெயருக்கே வரும். அபராதத்தோடு இது நிற்பதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டு வழக்குகளில் உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. விற்றுவிட்ட வண்டி ஒருவரை இடித்துவிட்டால், பல லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு விற்றவர் பொறுப்பாக நேரிடலாம். இதற்கு மருந்து சட்டத்தின் 50-ஆம் பிரிவில் இருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நமது ஓட்டுநர் இப்போதாவது விற்பனைக் கடிதத்தோடு அலுவலகத்துக்குச் சென்று பெயர் மாற்றத்துக்கு முயலுதல் வேண்டும். நோட்டீஸுக்கு அளிக்கும் பதிலில், வண்டி எவரிடம், எந்த நாளில் விற்கப்பட்டது என்பதைச் சான்றோடு எழுத வேண்டும். குற்றம் செய்த ஓட்டுநர் யார் என்று போலீஸார் கேட்டால் தகவல் தருவது 133-ஆம் பிரிவின்படி உரிமையாளரின் கடமையும் ஆகும்.

இனி, எல்லாவற்றிலும் தலையாயதான உரிமத்தைப் பற்றிப் பார்ப்போம். சாலையில் சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டியது நமது கடமை. அசல் உரிமத்தைத்தான் காட்ட வேண்டும் என்ற கெடுபிடி 2017-இல் தமிழ்நாட்டில் பெரும் பேச்சாக இருந்தது நினைவிருக்கலாம். 2018-இல் மத்திய விதிகள் திருத்தப்பட்டு, டிஜிலாக்கர், எம்பரிவாகன் போன்ற அரசுச் செயலிகளின் மூலம் கைபேசியில் காட்டும் உரிமமும் செல்லும் என்று ஆயிற்று. வெறும் புகைப்படமாக எடுத்து வைத்திருப்பது இதற்கு ஈடாகாது.

அதிகாரி உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? சில நிலைகளில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 206-ஆம் பிரிவு இதைச் சொல்லுகிறது. அப்போது அவர் ஓர் ஒப்புகைச் சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தச் சீட்டு இரண்டு வகைப்படும். அழைப்பாணைக்குத் தப்பி ஓடிவிடக்கூடும் என்ற ஐயத்தால் உரிமம் எடுக்கப்பட்டிருந்தால், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, உரிமம் திரும்பி வரும்வரையிலோ அதில் குறித்த நாள்வரையிலோ வண்டி ஓட்டலாம். மிகை வேகம், அபாயகரமாக ஓட்டுதல், மது அருந்தி ஓட்டுதல், இருசக்கர வண்டியில் மூவர் செல்லுதல், தலைக்கவசம் இன்மை, ஆம்புலன்ஸுக்கு வழி விடாமை ஆகிய குற்றங்களுக்காக எடுக்கப்பட்டிருந்தாலோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்தச் சீட்டு வண்டி ஓட்ட அனுமதி ஆகாது. உரிமம் திரும்பும் வரையில் வண்டியைத் தொடாதிருப்பதே கடமை. இந்த வேறுபாட்டை அறியாமல் ஓட்டிச் செல்பவர் தம் தலையில் மேலும் ஒரு குற்றத்தை ஏற்றிக்கொள்கிறார். ஆகையால் சீட்டில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை அங்கேயே நின்று பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமத்தை எடுப்பது வேறு. இரத்துச் செய்வது வேறு. சாலையில் நிற்கும் போலீஸ் அதிகாரிக்கு உரிமத்தை நிறுத்தி வைக்கவோ இரத்துச் செய்யவோ அதிகாரம் இல்லை. அவர் அதை உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பலாம்; அவ்வளவே. இதையே 2025 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றமும் எடுத்துக் கூறி, அந்த இடத்திலேயே பணம் கட்டும்படி ஓட்டுநரை நிர்ப்பந்திக்கலாகாது என்றும் சொல்லியது. உரிமம் வழங்கும் அதிகாரியோ, 19-ஆம் பிரிவின்படி, உரிமம் உடையவர் சொல்வதைக் கேட்க வாய்ப்பளித்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். காரணங்களையும் எழுத்தில் தர வேண்டும். மேற்கூறிய குற்றங்களுக்கு முதல் முறையாயின் மூன்று மாதத் தகுதியிழப்பும், மறுமுறையாயின் உரிமம் இரத்தும் ஆகலாம். விசாரணைக்குப் பின் குற்றமில்லை என்று விடுவிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆணையினால் குறைபட்டவர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஆகவே விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தால், போகாதிருத்தல் பெரும் பேதைமை. எழுத்து மூலமான விளக்கம், சம்பவத்தைக் கண்டவர் இருப்பின் அவர் கூற்று, இதுவரை குற்றமின்றி ஓட்டிய ஆண்டுகளின் கணக்கு, உரிமமே தம் குடும்பத்தின் ஒரே வருவாய்க்கு ஆதாரம் என்பதற்குச் சான்று ஆகியவற்றைக் கொண்டு செல்ல வேண்டும். தவறு நேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, நேர்ந்த சூழ்நிலையைச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் வெளி மாநிலத்தில் வாழும் நமக்குத் தனிப்பட்ட ஓர் இடர் உண்டாகிறது. உரிமத்தில் இருப்பது ஊர் முகவரி. வண்டிப் பதிவில் இருப்பது முன்பு குடியிருந்த வீட்டின் முகவரி. கைபேசி எண்ணோ மூன்று முறை மாறிவிட்டது. விசாரணைக் கடிதம் தருமபுரியில் பூட்டிய வீட்டின் திண்ணையில் கிடக்கிறது. இங்கே ஓட்டுநர் ஏதும் அறியாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கேட்க வாய்ப்பளித்தும் வரவில்லை என்று ஆணை பிறந்துவிடுகிறது. வண்டி உரிமையாளர் முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்லுகிறது. தமிழ்நாட்டில் பதிவு பெற்ற வண்டி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்படுமாயின், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. ஓட்டுநர் உரிமமோ எந்த மாநிலத்தில் பெற்றதாயினும் இந்தியா முழுவதும் செல்லும். கருநாடகத்துக்கு வந்ததற்காகப் புதிதாகப் பெற வேண்டுவதில்லை. ஆனால் அதில் உள்ள முகவரியும் கைபேசி எண்ணும் சரியாக இருக்க வேண்டும்.

உரிமத்தின் காலக்கெடுவையும் கவனிக்க வேண்டும். முன்னர்க் காலாவதியான பின்னும் 30 நாட்கள் செல்லும் என்ற சலுகை இருந்தது; 2019-இல் அது நீக்கப்பட்டது. ஆனால் காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டும். வாடகை வண்டி ஓட்டுவோருக்கு மற்றொரு செய்தி: இலகுரக மோட்டார் வண்டிக்கான உரிமம் உடையவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத எடையுள்ள போக்குவரத்து வண்டியையும் அதே உரிமத்தால் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி உறுதி செய்தது.

உரிமமின்றியோ, தகுதியிழந்த காலத்திலோ ஓட்டி விபத்து நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், பின்னர் அத்தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள அதற்கு வழியுண்டு. இது 2004-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் நிலைபெற்ற நெறி. ஒரு வாழ்நாள் உழைப்பும் அதில் கரைந்துவிடக்கூடும்.

அபராதத் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு சொல். 2023 பிப்ரவரியில் கருநாடக அரசு, நிலுவையிலிருந்த போக்குவரத்து அபராதங்களில் பாதியைத் தள்ளுபடி செய்து, பிப்ரவரி 11 வரையில் அவகாசம் கொடுத்தது. 2025 ஆகஸ்டிலும் அத்தகைய சலுகை அறிவிக்கப்பட்டது. உண்மையான நிலுவை உடையோருக்கு இது நன்மையே. ஆனால் என்றோ வரும் சலுகையை எதிர்பார்த்து நோட்டீஸ்களைச் சேர்த்து வைப்பவர், அதற்குள் பெயர் மாற்றத்துக்கோ தகுதிச் சான்றுக்கோ போகும்போது தடைப்பட நேரலாம். பாதி விலை என்பதற்காகப் பொய்ச் சீட்டுக்குப் பணம் கட்டுவதும் தகாது. அபராதம் கட்டுமாறு கைபேசியில் வரும் செய்திகளிலும் பொய்யானவை மிகுந்துவிட்டன. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்துக்கோ நகரப் போக்குவரத்துப் போலீஸாரின் தளத்துக்கோ நாமே சென்று வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. சாலையோரத்தில் பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ரசீது இல்லாத பணம் அபராதம் ஆகாது.

இறுதியாக ஒன்று. இந்தக் கடுமைகள் ஏன் வந்தன என்று வருந்துவோர், கோயம்புத்தூரின் எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரனை நினைத்துப் பார்க்க வேண்டும். சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தவர் அவரே. அவ்வழக்கில் 2014-இல் நீதிமன்றம் அமைத்த குழுதான், மறு ஆண்டில், சிவப்பு விளக்கை மீறுவோர், மிகை வேகத்தில் செல்வோர், கைபேசி பேசியபடி ஓட்டுவோர் ஆகியோரின் உரிமங்களைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்கும்படி மாநிலங்களுக்குப் பணித்தது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அந்த எண்ணிக்கையில் பிழைப்புக்காக வீட்டை விட்டுப் புறப்பட்டவர் எத்தனையோ பேர்.

நமது அடுகோடி ஓட்டுநர் முதல் சீட்டுக்குப் பணம் கட்டினார். இரண்டாவதை மறுத்து எழுதினார். மூன்றாவதற்காகப் பெயர் மாற்ற அலுவலகத்துக்கு நடந்தார். செய்ததை ஒப்புக்கொண்டதும், செய்யாததை மறுத்ததும், விட்டுப்போன கடமையை முடித்ததுமாகிய இம்மூன்றும் சேர்ந்தே அவருடைய உரிமத்தைக் காத்தன. மறுநாட் காலையில் அதே சந்திப்பில் விளக்குச் சிவந்தபோது, அவர் கோட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். அங்கே காமிரா இருக்கிறதா என்று அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. சாலையைக் கடந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.